ஆறாம் ஆண்டோடு அறுந்துவிடக் கூடாது

பள்ளி திறக்கும் நாள் வந்தால் தோட்டத்து லயங்களில் ஒரு புதுக் களை வந்துவிடுகிறது. புதுச் சட்டை, புதுச் சப்பாத்து, முதுகை மறைக்கும் புதுப் பை. முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் பள்ளிக்கு நடக்கிறாள். அன்று ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் கவலையில்லை என்கிறாள். அந்தக் காட்சியைக் கண்டு மகிழாதார் யார்?

ஆனால் அதே பிள்ளை ஆறாண்டு கழித்து இடைநிலைப் பள்ளியின் வாசலில் நிற்கும்போது, அந்தக் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அன்று பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ வேலை இருக்கிறது. பிள்ளை பெரியவனாகிவிட்டான், தானே பார்த்துக்கொள்வான் என்று எண்ணிவிடுகிறோம். நம் பிள்ளைகள் படிப்பில் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதைப் பற்றித் தொழிலாளர் பெருமக்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியது நம் கடமை எனக் கருதுகிறோம்.

தமிழ்ப் பள்ளியைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆயினும் இந்நாட்டுப் பள்ளி அமைப்பு முழுவதும் எவ்வாறு இயங்குகிறது, அதில் தமிழ்ப் பள்ளி எந்தப் படி, அதற்கு அடுத்த படி எது என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிந்தால் ஒழிய, அந்த முழக்கத்தால் பிள்ளைக்குப் பயன் விளையாது.

வந்த வழி

நம் பெற்றோர் காலத்துக் கதையை முதலில் நினைவுகூர்வோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. சட்டம் இருந்ததே தவிர, உள்ளன்பு இருக்கவில்லை. பழைய கொட்டகையே பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். சில தோட்டங்களில் கிராணியே ஆசிரியராகவும் இருந்தார். எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஏணிக்கு இரண்டாம் படியே கிடையாது. மேலே படிக்கப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே சம்பளம் கட்ட வேண்டும். பால்வெட்டுக்காரன் மகனுக்கு அது எட்டாத கனி. பள்ளியை விட்ட பிள்ளை வேறெங்கே போவான்? தாயின் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போனான். தோட்டத்துக்கு அடுத்த தலைமுறைக் கூலியாள் கிடைத்தான்.

நாடு விடுதலையை நோக்கி நடந்தபோது கல்விக்கும் ஒரு திட்டம் வேண்டியதாயிற்று. 1951இல் வந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளை வைக்க எண்ணியது. இந்தியரும் சீனரும் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1956இல் வந்த ரசாக் அறிக்கை வேறு வழி காட்டியது. பள்ளியின் மொழி எதுவாயினும் பாடத்திட்டம் ஒன்றாக இருக்கட்டும், மலாய்மொழி எல்லாருக்கும் கட்டாயமாகட்டும் என்றது. அதன் பயனாகத் தமிழ்ப் பள்ளி, தோட்டத்து முதலாளி போட்ட பிச்சை என்ற நிலையிலிருந்து மாறி, நாட்டின் கல்வி அமைப்பில் உரிமையுள்ள ஓர் உறுப்பாயிற்று. 1960இல் ரகுமான் தாலிப் அறிக்கையும், 1961இல் கல்விச் சட்டமும் வந்தன. 1962 முதல் தொடக்கப் பள்ளியில் சம்பளம் இல்லை என்றாயிற்று.

இவை நமக்குக் கிடைத்த நன்மைகள். ஆனால் அதே திட்டம் இன்னொன்றையும் வகுத்தது. தொடக்கப் பள்ளி தாய்மொழியில் இருக்கலாம். அரசாங்கப் பணத்தில் நடக்கும் இடைநிலைப் பள்ளி நாட்டின் ஆட்சிமொழியில்தான் நடக்கும் என்பதே அது. முதலில் ஆங்கிலமும் மலாயும் இருந்தன. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறி, 1982க்குள் படிவம் ஐந்துவரை மலாயே போதனை மொழியாயிற்று. சீனர் தங்கள் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ அறுபது தனியார் இடைநிலைப் பள்ளிகளை நிறுத்திக்கொண்டனர். நமக்கு அந்த வசதி இல்லை. தமிழ் இடைநிலைப் பள்ளி என்று ஒன்று இந்நாட்டில் இல்லை.

இன்றுள்ள அமைப்பு

ஆக, இன்று தமிழ்ப் பிள்ளை ஏற வேண்டிய படிகள் இவை. தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு. தேசிய வகைத் தமிழ்ப் பள்ளியில் தமிழே போதனை மொழி. மலாயும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலிருந்தே பாடங்கள். அதன்பின் இடைநிலைப் பள்ளி ஐந்து ஆண்டு, படிவம் ஒன்று முதல் ஐந்து வரை. அங்கே எல்லாம் மலாய்மொழியில். முடிவில் எஸ்.பி.எம். தேர்வு. அதற்கு அப்பால் படிவம் ஆறு, மெட்ரிகுலேசன், கைத்தொழிற் கல்லூரிகள், பல்கலைக்கழகம் எனப் பாதைகள் பிரிகின்றன. படிவம் மூன்றை முடித்தவர் தொழிற்கல்விக்குத் திரும்பவும் வழியுண்டு.

தமிழ்ப் பள்ளிக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் இடையில் ஒரு பாலம் கட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் புகுமுக வகுப்பு என்று பெயர். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப் பள்ளி மாணவர் ஓராண்டு அந்த மொழியைப் பழகிக்கொண்டு படிவம் ஒன்றுக்குப் போவதற்கான ஏற்பாடு அது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மலாய்த் தாள்களில் தேறியவர் நேரே படிவம் ஒன்றுக்குச் சென்றனர்; தேறாதவர் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தனர். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. பள்ளியிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு எடை கூடிற்று.

தேர்வு போனது நல்லதுதானே என்று மகிழ்வோர் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளையின் தலையில் பெருஞ்சுமை ஏற்றுவதை நாமும் விரும்பவில்லை. பழைய நாளில் எல்.சி.இ., பின்னர் எஸ்.ஆர்.பி. என்ற தேர்வில் தவறிய பிள்ளைக்குப் பதினைந்து வயதிலேயே கதவு அடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும். எழுத்தறியாத தாயும் பிள்ளை தேறினானா தவறினானா என்று அறிவாள். இன்று பிள்ளை ஆண்டுதோறும் மேலே போய்க்கொண்டே இருக்கிறான். அவன் உண்மையிலேயே கற்றானா என்பது எஸ்.பி.எம். வரை வீட்டாருக்குத் தெரியாமலே போய்விடலாம். அந்த எஸ்.பி.எம். தேர்விலோ மலாய்மொழியும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ். மற்றப் பாடங்களில் சிறந்திருந்தும் இவ்விரண்டில் ஒன்று தவறினால் கையில் சான்றிதழ் இல்லை. வரலாற்றுப் பாடமும் மலாய்மொழியில்தான் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அப்படியானால் தொடக்கப் பள்ளியில் மலாய் சரியாகப் பதியாத பிள்ளை எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று சொல்லவும் வேண்டுமோ?

விழும் இடம்

புகுமுக வகுப்புக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளையின் ஒரு நாளைப் பார்ப்போம். பல இடைநிலைப் பள்ளிகளில் புகுமுக வகுப்பும் கீழ்ப் படிவங்களும் மாலை வேளையில் நடக்கின்றன. தாயும் தகப்பனும் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விடுகின்றனர். பிள்ளை எழுந்து தானே சமைத்ததை எடுத்துத் தின்று, காலை முழுவதும் தனியே இருந்து, நண்பகலில் பஸ் ஏறுகிறான். இருட்டும் நேரத்தில் திரும்புகிறான். பெற்றோர் களைத்துப் படுக்கும் நேரமது. பாடத்தில் ஐயம் என்றால் யாரைக் கேட்பான்? தமிழ்ப் பள்ளியில் முப்பது நாற்பது பேருக்குள் பேரும் குடும்பமும் தெரிந்த ஆசிரியரிடம் படித்தவன், இங்கே ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவனாகிறான். ஆசிரியர் பேசும் மொழி பாதிதான் விளங்குகிறது. கேலி செய்கிறார்கள். ஓராண்டு பிந்திப் படிப்பதால் தன்னொத்த பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள் என்ற வெட்கம் வேறு. ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிடுகிறான். அடுத்த நாள் வேண்டுமென்றே தவறவிடுகிறான். பள்ளியிலிருந்து வரும் கடிதம் மலாயில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்பவனும் அவனே! இப்படித்தான் ஒரு பிள்ளை ஓசைப்படாமல் பள்ளியைவிட்டு நழுவிவிடுகிறான்.

இதைப் பிள்ளையின் குற்றம் என்று சொல்லிவிடுவது எளிது. தமிழ்ப் பள்ளியின் குற்றம் என்று சொல்வோரும் இருக்கின்றனர். இரண்டும் சரியல்ல. படிப்பை இடையில் நிறுத்துவோர் பற்றி ஆராய்ந்து 1973இல் வெளியான முராட் அறிக்கையே, வறுமைக்கும் படிப்பு நிற்பதற்கும் உள்ள நெருங்கிய தொடர்பை எடுத்துக்காட்டியது. வயிற்றுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு தொழிற்சங்கத்துக்குப் புதிதன்று. கூலி உயர்ந்தால் பிள்ளை படிப்பான் என்று நாம் எந்நாளும் சொல்லி வந்திருக்கிறோம். அதனால்தான் கூலிப் பேச்சும் பள்ளிப் பேச்சும் நமக்கு இரண்டல்ல.

அப்படியானால் பேசாமல் முதலிலேயே தேசியப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இந்த இடர் இராதே என்று சில பெற்றோர் கேட்கின்றனர். அவர்களைக் கடிந்துகொள்ள நாம் தயாராயில்லை. பிள்ளை நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கின்றனர். ஆனால் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஆறேழு வயதுக் குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் முதன்முதலில் தன் மொழியில் விளங்குவதைவிட உறுதியான அடித்தளம் எது? முதலாம் ஆண்டிலேயே புரியாத மொழியில் உட்காரவைத்தால், பதின்மூன்று வயதில் வரவேண்டிய திகைப்பு ஏழு வயதிலேயே வந்துவிடும், அவ்வளவுதான். 2011ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளி இந்திய மாணவரில் நூற்றுக்கு 56 பேர் தமிழ்ப் பள்ளியில் இருந்தனர் என்று அரசாங்கத்தின் கல்விப் பெருந்திட்டமே கூறிற்று. அந்தப் பெற்றோர் அனைவரும் அறியாதவரல்லர். பாலம் பழுதானால் பாலத்தைப் பழுது பார்க்க வேண்டும்; ஆற்றுக்கு இக்கரையில் உள்ள வீட்டை இடிப்பது மருந்தாகாது.

தமிழ்ப் பள்ளி இருக்க இடமில்லை என்ற வழக்கும் நீதிமன்றம்வரை சென்று வந்துவிட்டது. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் வழக்காட அனுமதி மறுத்தது. உரிமை உறுதியாயிற்று. உரிமையைப் பயன்படுத்துவது நம் கையில்.

நிலமும் பள்ளியும்

விடுதலை பெற்ற 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 530. இடையில் நடந்தது என்ன? தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவு. வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கைமாறியது. லயம் காலியானபின் பள்ளி மட்டும் காட்டு நடுவே நின்றது. இன்றும் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளே. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. நிலமோ தோட்ட நிறுவனத்துடையதாகவோ பிறருடையதாகவோ இருக்கும். நிலம் நம்முடையதன்று என்றால் கட்டடம் எழுப்புவதும் கடினமாகிறது. மாணவர் 150க்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி எனப் பெயர் பெறுகிறது. அத்தகைய பள்ளிகள் நம்மிடையே ஏராளம்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. தோட்டத்தில் பிள்ளை இல்லாது போன பள்ளியின் உரிமத்தை நம் மக்கள் குடிபெயர்ந்து வாழும் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிக் கட்டலாம். அவ்வாறு மாற்றப்பட்டுப் புதுவாழ்வு பெற்ற பள்ளிகள் உண்டு. ஆனால் அது மேலாளர் வாரியம் விழிப்பாய் இருந்தால்தான் நடக்கும். தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே பள்ளி நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விற்று முடிந்தபின் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! தோட்டக் கமிட்டித் தோழர்களே! பெரிய வார்த்தைகளை விட்டு, கையால் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பத்திரங்கள். பிள்ளை பிறந்த உடனே பிறப்பைப் பதியுங்கள். அதற்கு முன்பே திருமணத்தைப் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், சட்டத்தின் பார்வையில் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்ததாகிவிடும். தாய்க்குப் பத்திரம் இல்லையென்றால் பிள்ளைக்கும் தொல்லை. பள்ளி வாசலில் அழுவதைக் காட்டிலும் பதிவு அலுவலகத்துக்கு ஒரு நாள் போய்வருவது மேல். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கச் சட்டம் உண்டு. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025இல் மக்களவை ஏற்றது. ஆகவே படிவம் ஐந்துவரை படிப்பது பிள்ளையின் விருப்பம் என்று இனி நாம் இருந்துவிட முடியாது.

இரண்டாவது, மலாய்மொழி. தமிழ்ப் பள்ளி மாணவனுக்கு மலாய் நன்றாக வருவது தமிழுக்குக் கேடு என்று எண்ணுவது பேதைமை. நான்காம் ஆண்டுக்குள் அவன் ஒரு மலாய்ப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்கிறானா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே தொடங்கினால் இன்னும் ஈராண்டு கையில் இருக்கிறது. ஆறாம் ஆண்டின் இறுதியில் கேட்டுப் பயனில்லை.

மூன்றாவது, புகுமுக வகுப்பைப் பற்றிய வெட்கத்தை ஒழியுங்கள். அது தண்டனையன்று. தத்தளிக்கும் பிள்ளையைப் படிவம் ஒன்றில் தள்ளி மூழ்கவிடுவதை விட, ஓராண்டு நின்று மூச்சுப் பிடித்துப் போவது நல்லது. ஆனால் அந்த ஓராண்டு வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஒரு முறையாவது பெற்றோர் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைக் காணுங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கமிட்டியில் மலாய் தெரிந்த தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கூலி வழக்குக்கு உடன் வருகிற கமிட்டி, பிள்ளை வழக்குக்கு வரக் கூடாதா?

நான்காவது, இடைநிலைப் பள்ளியில் தமிழ். ஒரு பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கல்விச் சட்டம் கூறுகிறது. கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேளாதவனுக்குச் சட்டம் கதவு திறப்பதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் நம் பிள்ளைகள் எந்த இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே எத்தனை பேர் தமிழ் எடுக்க விரும்புகிறார்கள் என்று கிளைகள் கணக்கெடுத்து, பெற்றோர் கையெழுத்துடன் தலைமையாசிரியரிடம் கொடுக்கட்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்க ஆளில்லாது போனால், நாளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

ஐந்தாவது, உதவிகள். பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் உரியது. ஏழை மாணவர் அறநிதி, கூடுதல் உணவுத் திட்டம், தங்கும் விடுதி ஆகியவை இருக்கின்றன. மனுச் செய்யாதவனைத் தேடி எந்தப் பணமும் வராது. பள்ளி திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தலைவர் மேசை போட்டு உட்கார்ந்து, இந்த மனுக்களை எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் அவ்வாறு நடந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு நாம் கூடிச் செய்த முதற்பணி அதுவாகும்.

கடைசியாக ஒரு பதிவேடு. நம் தோட்டத்திலிருந்து ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகள் இத்தனை பேர். புகுமுக வகுப்பில் இத்தனை, படிவம் மூன்றில் இத்தனை, எஸ்.பி.எம். எழுதியவர் இத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிளைச் செயலாளர் குறித்து வரட்டும். மாதம் ஒரு முறை கூடும் கமிட்டியில் சந்தாக் கணக்கு வாசித்தபின் இந்தக் கணக்கையும் வாசிக்கட்டும். சந்தா குறைந்தால் ஏன் என்று கேட்கிறோம். பிள்ளை குறைந்தால் கேட்க வேண்டாமா?

நம் முன்னோர் மரத்தில் கோடு கிழித்துப் பால் எடுத்தார்கள். அந்தப் பாலில் இந்நாட்டின் வீதிகளும் கட்டடங்களும் எழுந்தன. அவர்கள் தமக்கென்று கேட்டது சிறிது. பிள்ளைகளுக்கென்று கேட்டது ஒரு பள்ளிக்கூடம். அதைப் போராடிப் பெற்றோம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்கதவு இடைநிலைப் பள்ளிக்குத் திறக்கிறது. அந்தக் கதவைத் தாண்டும்போதும் பிள்ளையின் கை நம் கையில் இருக்கட்டும். முதலாம் ஆண்டு முதல் நாளில் ஒரு நாள் கூலியை இழக்கத் துணிந்த தாய், புகுமுக வகுப்பின் முதல் நாளிலும் ஒரு நாள் துணிவாளாக! அந்த ஒரு நாள் ஒரு தலைமுறையைக் காக்கும்.